என் மகள் பாத்திரம் அலசிய கதை

ஆல்டர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
பிப்ரவரி, வியாழக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய டோலரஸ் அக்காவுக்கு,

உன் தம்பி வெர்னன் எழுதுவது. இங்கே நானும் மார்லிஸும் அனிக்காவும் ஆளுக்கொரு சளியோடு மற்றபடி நலம். அரிசோனா வெயிலில் நீயும் உன் இரண்டு முழங்கால்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏரி நன்றாக உறைந்துவிட்டது, மேலே லாரியையே ஓட்டலாம். தூண்டில் கடையில் புழு வியாபாரம் பரவாயில்லை. நீ அனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள் வந்து சேர்ந்தன; வழியிலேயே உறைந்து கல்லாகிவிட்டதால் ஒன்றை வைத்துக் கடைக் கதவில் ஆணி அடித்தேன். மிக்க நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, என் மானம் நாளை பள்ளிக்கூடத்தில் ஏலம் போகப்போகிறது. அதைத் தடுக்க உன் ஒருத்தியால்தான் முடியும். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

போன மாதம் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அனிக்காவின் ஆங்கில ஆசிரியை மிஸ் கின்டெரோ இந்த வருஷம்தான் டெக்ஸஸிலிருந்து வந்தவர், வகுப்புக்குள்ளேயே இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார். நான் போய் உட்கார்ந்ததும் அவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்குப் பாத்திரங்களை அலசவே தெரியல சார்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்ல நாங்க எல்லாத்தையும் மிஷின்ல போட்டுடுவோம்மா, அவளைக் குறை சொல்லாதீங்க" என்றேன். ஆசிரியை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாத்திரம் என்றால் கதையில் வருகிற ஆள் என்றும், அலசுவது என்றால் அந்த ஆள் எப்படிப்பட்டவர், ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராய்வது என்றும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். பிறகு அனிக்கா எழுதிய தாள்களை எடுத்துக் காட்டினார். நம்ம பிள்ளைக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் அக்கா. ஒன்று 'நல்லவர்', இல்லையென்றால் 'லூசு'. ராஜாவும் லூசு, ராஜாவைக் கொன்றவனும் லூசு. "இவளுக்குப் புத்தி இருக்கு, சொல்தான் பத்தல" என்றார் ஆசிரியை. இதில் தேறாவிட்டால் பள்ளி ஐஸ் ஹாக்கி அணியில் ஆட விடமாட்டார்களாம். வருகிற சனிக்கிழமை மண்டலப் போட்டி, அனிக்காதான் கோல்கீப்பர், அவளை விட்டால் அந்த இடத்தில் நிற்க ஆளே கிடையாது. ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளும்.

அதனால் ஆசிரியை ஒரு கட்டுரை கொடுத்தார். வீட்டில் உள்ள ஒருவரைப் பாத்திரமாக எடுத்துக்கொண்டு, அவர் என்ன சொல்கிறார், என்ன செய்கிறார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். புதுப்புதுச் சொற்களைப் போட வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். "ரொம்ப நல்ல யோசனை" என்று நானே எழுந்து ஆசிரியையின் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். தன் அம்மா மார்லிஸை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டேன், அக்கா. அவள் என்னை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் நிம்மதியாக ஒரு கொட்டாவி விட முடியவில்லை. குளிர்பெட்டிக் கதவு முழுக்கச் சொற்கள். கடையில் இருக்கும் மீன்குஞ்சுத் தொட்டியில்கூட 'சஞ்சலம்' என்று ஒரு சீட்டு மிதந்தது. நான் பழைய பூட்ஸுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தால், அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இது சிக்கனமா, கஞ்சத்தனமா?" என்பாள்.

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"தனக்கு வாங்கிக்காட்டி சிக்கனம். அடுத்தவங்களுக்கு வாங்கித் தராட்டி கஞ்சத்தனம்."

"அப்ப சிக்கனம்னே போடு."

அடுப்படியிலிருந்து மார்லிஸ், "கல்யாண நாளைக்கு எனக்குப் பனி அள்ற மண்வெட்டி வாங்கிக் குடுத்தாரே, அது எதுல சேரும்னு கேளு" என்றாள். பெற்ற மகளே அதையும் ஆதாரம் என்று குறித்துக்கொண்டாள். வீட்டுச் சூட்டைக் கூட்ட மாட்டேன் என்று நான் சொன்னதற்கு, "இது பிடிவாதமா, உறுதியா?" என்று கேட்டாள். "நான் பிடிச்சா உறுதி, உங்கம்மா பிடிச்சா பிடிவாதம்" என்று விளக்கினேன். அதுவும் போனது தாளில்.

வீட்டோடு நின்றாலும் பரவாயில்லை, மற்றவர்கள் பேசுவதும் வேண்டுமே! கடையில் எதுவுமே வாங்காமல் தினமும் ஹீட்டர் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கும் ஆர்வில் கிழவரை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. "உங்கப்பன் பிடிச்ச மீனைப் பத்திப் பேசறப்ப ரெண்டு கையையும் விரிப்பான் பாரு, அதுக்கு ஒரு சொல் கண்டுபிடி" என்றார். 'மிகைப்படுத்துபவர்' என்று ஒரு சீட்டு வந்து ஒட்டிக்கொண்டது. புழு வாங்க வந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று என்னைப் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் புழு ஞாபகமே இல்லை.

சரி, அவள் சொல்லால் அடித்தால் நானும் சொல்லால் தடுத்துக்கொள்கிறேன் என்று, குளிர்பெட்டிக் கதவைப் பார்த்து நானும் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் பிசகியது அக்கா. அனிக்கா சீட்டில் பாதி அர்த்தம்தான் எழுதியிருந்தாள். 'சல்லாபம்: இனிமையான உரையாடல்' என்று இருந்தது. நல்ல சொல்லாயிற்றே என்று, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்ற பாதிரியாரின் மனைவி இங்ரிட் அம்மாளிடம், பாதிரியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "போன வாரம் உங்களோட சல்லாபம் பண்ணினது மனசுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு தெரியுமா" என்றேன். நாங்கள் பேசியது தேவாலயக் கூரையில் ஒழுகும் தண்ணீரைப் பற்றி. பாதிரியார் என் கையைக் குலுக்காமல் தன் கையுறையைத் தேடினார். மார்லிஸ் என் விலாவில் கொடுத்த இடி இருமும்போது இன்னும் தெரிகிறது.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் ஓய்வு பெறும் கால்பந்துப் பயிற்சியாளர் ஹார்லனுக்கு எல்லோரும் சேர்ந்து மரியாதை செய்தோம். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். 'அமரர்: மரணமில்லாதவர்' என்று கதவில் இருந்தது. இதைவிடப் பெரிய மரியாதை உண்டா, நீயே சொல்! கோப்பையை உயர்த்தி, "நம்ம ஊர்ப் பசங்களை ஆளாக்கின அமரர் ஹார்லன் அவர்களே!" என்றேன். ஹார்லன் வாய்க்குப் பாதி வழியில் மீனை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு முள் விழுந்தாலும் கேட்டிருக்கும். கடைசி மேசையில் இருந்த கிளாடிஸ் அம்மாளுக்குக் காது மந்தம். அமரர் என்ற சொல் மட்டும் விழுந்திருக்கிறது. அடுத்த நாள் காலை, வேகவைத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் ஒரு பெரிய தட்டு நிறைய எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறாள். கதவைத் திறந்தது ஹார்லனேதான். கிளாடிஸுக்குக் கண்ணும் அவ்வளவு சுகமில்லை.

"மனசு கேக்கலப்பா. ஹார்லன் போயிட்டாராமே!"

"ஆமாம்மா, திடீர்னு போயிட்டாரு. சூடு ஆறறதுக்குள்ள அந்தத் தட்டை இப்படிக் குடுங்க."

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு தட்டுகள் வந்து சேர்ந்தனவாம். ஹார்லன் தெருவில் என்னைப் பார்த்தால் இப்போது தொப்பியைத் தூக்கி வணங்குகிறார்; அடுத்து எப்போது சாகட்டும் என்று கேட்கிறார். விஷயம் மிஸ் கின்டெரோ காதுக்கும் எட்டிவிட்டது. தூண்டில் பார்க்க வருவதுபோலக் கடைக்கு வந்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சா மட்டும் போதாது சார், அது யார் யாரோட பழகுதுன்னும் தெரியணும்" என்றார். இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அனிக்கா ஆடும் ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்தது கிடையாது. 'கடையில வேலை' என்றே வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். அதை இவள் ஆர்விலிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறாள்.

"மேட்ச் அன்னிக்கு அப்பா கடையில என்ன பண்ணுவாரு தாத்தா?"

"கடையா? மேட்ச் அன்னிக்குக் கடை பூட்டியில்ல கிடக்கும்! வாசல்ல நின்னு நான் விறைச்சுப் போனதுதான் மிச்சம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடிந்தது. நான் வழக்கம்போல மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கோடியில், என் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கடைசி நிமிஷத்தைக் கேட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சாவியைத் திருகினேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பார்த்தால் அனிக்கா! கால்கவசம், மார்க்கவசம் எதையும் கழற்றாமல், முகமூடியை மட்டும் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பனிக்குள் ஒரு பீரோ மாதிரி நிற்கிறாள்.

"இப்பதாம்மா வந்தேன்" என்றேன்.

"பொய். கண்ணாடி முழுக்க உள்பக்கமா பனி படிஞ்சிருக்கு. இது இப்ப வந்தவர் விட்ட மூச்சு இல்ல. ஆதாரம்."

அவளே கதவைத் திறந்து, கவசத்தோடு எப்படியோ உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். "ஏன்ப்பா உள்ள வரல?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கேலி இல்லை அக்கா. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அந்தக் கறுப்பு வட்டு உன் மூஞ்சியைப் பாத்துப் பறந்து வருதுன்னு ரேடியோவுல கேட்டா எப்படியோ தாங்கிக்கறேன். கண்ணால பாக்க என்னால முடியாதும்மா. முதல் ஆட்டத்துக்கு வாசல் வரைக்கும் வந்தேன். கால் நகரல."

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "நான் உங்களை 'அக்கறையற்றவர்'னு எழுதி வச்சிருந்தேன்ப்பா. மூணு ஆதாரத்தோட" என்றாள். உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பயம், அது மட்டும் இல்ல, பாசம், அதுவும் மட்டும் இல்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரு சொல் வேணும்" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். வீடு வரை அதே பேச்சு. 'பதற்றம்' என்றாள், பத்தாது என்றாள். 'பரிவு' என்றாள், அதில் நடுக்கம் இல்லை என்றாள். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது 'பதைபதைப்பு' என்று கத்திவிட்டு, கவசத்தோடு குளிர்பெட்டியை நோக்கி ஓடினாள்.

இப்போது அந்தச் சொல்லும், அதற்கு ஆதாரமாக வண்டியும் ரேடியோவும் பனி படிந்த கண்ணாடியும் கட்டுரைக்குள் போய்விட்டன. நாளை அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம், பெற்றோர்களும் ஊராரும் வரலாமாம். தூண்டில் கடை வெர்னன், சொந்த மகள் ஆடுவதைப் பார்க்கப் பயந்துகொண்டு வண்டிக்குள் ஒளிந்திருப்பவன் என்று தெரிந்தால், அப்புறம் ஆர்வில் என்னை உயிரோடு விடுவாரா? ஆகையால் அக்கா, இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் நாளைக் காலை நானே உனக்குப் போன் போட்டு இதை வாசித்துக் காட்டுவேன். நீ உடனே அனிக்காவைக் கூப்பிட்டு, என்னை விட்டுவிட்டு மார்லிஸைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். மிஸ் கின்டெரோவின் இந்தப் பாத்திரம் அலசும் வேலையை ஊரில் தடை செய்ய வேண்டும் என்று பள்ளிக்கும் எழுதிப் போடு, உன் கையெழுத்து அழகாக இருக்கும்.

உன் முழங்கால்களுக்கு வெயில் குறையாமலும், உன் கள்ளிச்செடிகளுக்குத் தாகம் எடுக்காமலும் இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். மார்லிஸ் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அனிக்காவும் சொன்னாள், 'உளமார்ந்த' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

என்றும் உன் தம்பி,
வெர்னன் டோலெஃப்சன்

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை உனக்குப் போன் வரவில்லையே என்று நினைப்பாய். நான் போடவில்லை. மேலே எழுதிய எதையும் செய்யாதே, பள்ளிக்கு ஒரு வரிகூட எழுதாதே. நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டில் அனிக்காவே, "வேணாம்ப்பா, நான் அம்மாவைப் பத்தியே மாத்தி எழுதிடறேன்" என்றாள். "அம்மாவைப் பத்தி எழுதினா தேறிடுவியா?" என்று கேட்டேன். "கஷ்டம்தான். அம்மா சொல்றதும் செய்யறதும் ஒண்ணாவே இருக்கு, அலச ஒண்ணுமே இல்ல" என்றாள். "என்னைப் பத்தி எழுதினா?" "நீங்க தங்கச் சுரங்கம்ப்பா." "அப்ப அதையே கொண்டு போய் வாசி" என்று சொல்லிவிட்டேன். வாசித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் ஆர்வில் மூக்கைச் சிந்தினார், சளி என்றார். தேறிவிட்டாள்!

நேற்று ஆட்டத்துக்கு உள்ளேயே போனேன். மிஸ் கின்டெரோ பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு ஹாக்கி தெரியாது, என்னால் பார்க்க முடியாது. அதனால் அவர் பார்த்துச் சொன்னார், நான் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினேன். கடைசி வட்டை அனிக்கா தடுத்தபோது மட்டும் ஒரு கண்ணைத் திறந்திருந்தேன். ஜெயித்துவிட்டோம். தொண்டை போய்விட்டது.

இன்னொன்று. அடுத்த கட்டுரைக்கு வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரை அலச வேண்டுமாம். அனிக்கா உன்னை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், யோசித்துப் பேசு. என்னையும் சாட்சி கேட்டாள். நம்ம அப்பாவின் காரை நீ ஏரிக்குள் இறக்கிவிட்டுப் பழியை நாய்மேல் போட்டதை மட்டும்தான் சொன்னேன். அதற்கு அவள் 'கற்பனை வளம் மிக்கவர்' என்று எழுதியிருக்கிறாள். எனக்குத் திருப்தியில்லை. இன்னும் பொருத்தமான சொல் ஒன்று நிச்சயம் இருக்கும், காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.