கஞ்சாப் பூவும் தூமெஸின் முதுகும்

கஞ்சா வாசம் அடித்தால் போதும், இந்த எண்பது வயதிலும் தூமெஸுக்கு மனைவி ரெகினாவின் ஞாபகம் வந்துவிடும். தப்பாக நினைக்க வேண்டாம். திரான்சில்வேனியாவில் அவர்கள் ஊரில் அந்தச் செடியை யாரும் புகைத்ததில்லை. நாரெடுத்தார்கள், நெய்தார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதையே உடுத்தினார்கள். ரெகினா நெய்த சட்டை இன்னும் அவர் மேலே கிடக்கிறது. ரெகினாதான் இல்லை.

இந்தக் கதை நடந்தபோது அவருக்கு முப்பது வயது. பெண் செடி பெண்ணுக்கு, ஆண் செடி ஆணுக்கு என்பது ஊர் வழக்கம். ஒல்லியாக வளர்ந்து ஜூலையிலேயே வெளுத்துப்போவதைப் பெண் செடி என்பார்கள். விதை சுமந்து செப்டம்பர்வரை நிற்கும் தடியனை ஆண் செடி என்பார்கள். ஜூலை வெயிலில் பெண்கள் ஆளுயரக் காட்டுக்குள் புகுந்து ஒல்லிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்குவார்கள். இரண்டு வாரம் முதுகு ஒடியும். செப்டம்பரில் ஆண்கள் மிச்சத்தைக் கைநிறையப் பிடுங்கி, பிளம் சாராயத்தோடு மூன்றே நாளில் முடித்துவிடுவார்கள்.

முந்தின கிறிஸ்துமஸுக்கு வெளியூரிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து ரெகினாவுக்கு ஒரே பிடிவாதம். விவசாய வகுப்புக்குப் போங்க, போங்க என்று சனிதோறும் ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினாள். போய் வந்த தூமெஸ் ஊரையே திருத்துவதாகச் சபதம் எடுத்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் இரண்டு கஞ்சாப் பூங்கொத்துகளைச் சமையலறை மேசையில் போட்டார்.

"இங்க பாரு. இதுக்குப் பேரு மகரந்தத்தாள். அஞ்சு இருக்கா? அப்ப இந்த ஒல்லிதான் ஆண்!"

"அய்யய்யோ! அப்ப அந்தத் தடியன்?"

"அதுக்குள்ள சூலகம் இருக்கு. வெளிய நீட்டுற ரெண்டு வெள்ளை நூலு சூலகமுடி. சுத்தி மூடியிருக்கே, அது பூவடிச்செதில். அத புல்லிவட்டம்னு சொல்றவன் முட்டாள். அதுதான் பெண்!"

"ஓகோ. தூசியக் கொட்டிட்டு ஜூலையிலயே சாஞ்சிடறது ஆணு. மழையிலயும் வெயில்லயும் புள்ளைங்களச் சுமந்து நிக்கறது பொண்ணு. இதுக்கு வகுப்பு வேறயா?"

தூமெஸ் முறைத்தார். ரெகினா உடனே குழைந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. இத ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல எல்லாருக்கும் சொல்லுங்க. எனக்குப் பெருமையா இருக்கும்."

சொன்னார், ஒரு மணி நேரம். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள். பெண்கள் கைதட்டினார்கள். பாதிரியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சரிதான் என்றார்.

மறுநாள் காலையில் தூமெஸின் தொப்பியும் தண்ணீர்க் கூஜாவும் வாசலில் தயாராக இருந்தன.

"என்னடி இது?"

"ஆண் செடி பிடுங்கற காலம் வந்துருச்சுங்க. ஆண் செடி ஆணுக்கு."

"அது பழைய பேருக்கு வச்ச வழக்கம்டி!"

"அப்ப சர்ச் வாசல்ல பொய்யா சொன்னீங்க?"

போனார். வீட்டுக்கு வீடு பெண்கள் அதையே சொல்லித் துரத்த, ஊர் ஆண்கள் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். ரெகினா செர்ரிப்பழம் தின்றபடி வேலியருகில் நின்று, "அது பொண்ணுங்க, விட்டுருங்க! சூலகமுடி தெரியல?" என்று வழி காட்டினாள்.

பதினான்காம் நாள் தூமெஸ் குப்புற விழுந்தார். ரெகினா வாத்துக் கொழுப்பை முதுகில் தேய்த்துவிட்டாள். அந்தக் கைச்சூடு கிடைக்குமென்றால் இன்னொரு ஜூலைகூடப் பிடுங்கலாம் என்று இன்றைக்கும் அவருக்கு ஏக்கமாக இருக்கிறது. அன்றைக்கு முனகல்தான் வந்தது.

"அந்த வகுப்புக்கே நான் போயிருக்கக் கூடாதுடி."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் ரெகினா, இதமாகத் தேய்த்தபடி. "எங்க அக்கா புருஷன் முந்தின வருஷம் அதே வகுப்புக்குப் போனாரு. போன ஜூலையில வயல் பக்கம் அக்கா தலைவச்சுக்கூடப் படுக்கல."