ஏழு மணிக்கு முழித்திருக்க வேண்டும்

வறுத்த மீன் மேசைக்கு வந்தபோது அவள் கணவன் தூங்கிவிட்டிருந்தான்.

சாயக்கூட இல்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, பரீட்சை எழுத வந்தவன் போல உட்கார்ந்தபடியே தூங்கினான். பரிமாறுபவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் அவன் கைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் செய்து கொடுத்தாள்.

எதிரே ஜன்னல் ஓரத்தில் மூன்று பேர் கச்சேரியைத் தொடங்கியிருந்தார்கள். கிடார் வாசித்தபடி பாடுகிறவர், வயலின்காரர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு டிரம் அம்மாள். மணி ஏழே கால்.

"சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் பரிமாறுபவர்.

"நல்லாதாங்க இருக்கார். நேத்து ராத்திரி வேலை."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவு, நிரந்தர இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு அவன் வீட்டுக்கு வருவான். ஏழே காலுக்கு அவள் கிளம்புவாள். அவள் மாலை ஏழரைக்குத் திரும்பும்போது அவன் போய் அரை மணி ஆகியிருக்கும். புதன்கிழமை அவனுக்கு விடுமுறை. பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இரவுப் பணி விழுவதும் புதன்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். அவன் நாலு மணி வரை தூங்கிவிட்டு, தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விடுவான். நான்கு வருடமாக அந்த வீட்டுக் கட்டிலுக்கு ஓய்வே இல்லை. எதிர்வீட்டு அக்கா முதல் ஆறு மாதம் அங்கே ஒருவர்தான் குடியிருக்கிறார் என்று நினைத்திருந்தாள். அது ஆணா பெண்ணா என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.

கிடைக்கிற அந்தப் பதினைந்து நிமிடமும் ஒப்படைப்பில் போய்விடும். இருவர் வேலையிலும் ஷிஃப்ட் மாறும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பழக்கம் எப்படியோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"மோட்டார் போட்டாச்சு. பால் காய்ச்சியாச்சு. கேஸ் பத்து மணிக்கு வரும், தூங்கிடாதீங்க."

"சரி. மாவு தீர்ந்துபோச்சு. உன் செருப்பைத் தைக்கக் குடுத்திருக்கேன்."

அவ்வளவுதான். கையெழுத்து வாங்காத குறை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு மாலை, ஏழு மணிக்கு மேல், முழித்திருக்கும் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்க வேண்டும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் ஏரிக்கரை விடுதியின் விளம்பரம் ஒன்றைக் கத்தரித்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். தம்பதிகளுக்கு வார இறுதி, உள்ளூர்ச் சாப்பாடு, உள்ளூர்ப் பானம், மாலை ஏழு மணிக்கு இசை. மறுநாள் அதன் ஓரத்தில் அவன் கையெழுத்தில் "சரி" என்று எழுதியிருந்தது. மூன்று பேரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, வெள்ளி இரவு வேலையை முடித்து, குளித்துவிட்டு அப்படியே வந்து பஸ் ஏறினான்.

ஆறு மணி நேரப் பயணம், பஸ்ஸிலேயே தூங்கிக்கொள்வான் என்பது அவள் திட்டம். ஆனால் ஜன்னல் கண்ணாடி சரியாக மூடவில்லை, வெளியே மழை. அவள்மேல் சாரல் அடிக்காமல் இருக்க அவன் ஆறு மணி நேரமும் கண்ணாடியைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் தூங்கியது அவள்தான்.

"ஒண்ணு பண்ணலாம்மா" என்றார் பரிமாறுபவர். இந்தக் கரையில் விளையும் பழத்தில் தாங்களே செய்யும் பானம் ஒன்று இருக்கிறதாம். ஒரு டம்ளர் உள்ளே போனால் தூக்கம் ஓடிவிடுமாம். போன வாரம் ஊன்றுகோலோடு வந்த ஒரு பெரியவர் அதைக் குடித்துவிட்டு எழுந்து ஆடினாராம். ஊன்றுகோலை மட்டும் இன்னும் வாங்கிப் போகவில்லையாம்.

சில்லென்ற டம்ளர் கையில் பட்டதும் அவன் கண் திறந்தான். குடித்தான். நன்றாக இருக்கிறது என்றான். இன்னொன்று கேட்டான். அவன் மூன்றாவதை முடித்த பிறகுதான் அவள் தன் டம்ளரில் ஒரு வாய் குடித்தாள். இனிப்பு, கொஞ்சம் நுரை, நாக்கின் ஓரத்தில் ஒரு சுருக். நுண்ணுயிரியல் படித்தவளுக்கு அந்தப் பழத்துக்கு எத்தனை நாளாக என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அதற்குள் அவன் தலை அவள் வலது தோளில் இறங்கியிருந்தது.

வலது தோளாகப் போனதில்தான் சிக்கல். இடது கையால் முள்கரண்டியைப் பிடித்து மீனைக் குத்தினாள். மீன் தட்டைவிட்டு இறங்கிப் பக்கத்து மேசையை நோக்கிப் போனது.

பாடகர் இதைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். ஒரு சார் அசந்து தூங்குகிறார், அவரை எழுப்பிவிடாமல் பாடுவோம் என்று மைக்கில் அறிவித்தார். எல்லாரும் சத்தம் வராமல் கைதட்டினார்கள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பாட்டும் முந்தையதைவிட மெதுவாக இருந்தது. எட்டரை மணிக்குள் மூன்று குழந்தைகளும் ஒரு மாமனாரும் தூங்கிவிட்டார்கள்.

பத்து மணிக்கு அறையில் அவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் உடம்புக்கு அது வேலை நேரம். முகம் பளிச்சென்று இருந்தது. பேசுவோம் என்று நினைத்து அவள் வாயைத் திறந்தது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம். அவன் காவல்காரரோடு ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்த கதை காலையில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் முறையாக யோசித்தாள். மாலை ஏழுக்கு அவன் முழித்திருக்க வேண்டும் என்றால் பகலில் தூங்க வேண்டும். எட்டரைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ். நடுவே ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அது போதும். காலை உணவு ஆனதும் அவனைப் படுக்கவைத்தாள். ஜன்னலைப் போர்வையால் மறைத்தாள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தாள். யாரும் தட்டக்கூடாது என்று சொல்ல வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்கு விடுதிக்காரம்மா தம்பதிகளுக்கான சிறப்புப் பானத்தோடு வந்தாள். பெரிய டம்ளர் ஒன்று, இரண்டு உறிஞ்சுகுழல்கள். இது தனியாகக் குடிப்பதற்கு இல்லை, சார் எங்கே என்றாள். தூங்குகிறார் என்றாள் அவள். விடுதிக்காரம்மா மூடிய கதவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சண்டையாம்மா?"

"ஐயோ, இல்லைங்க."

"எனக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. எங்கிட்ட மறைக்காதே."

சண்டை இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, சண்டை பெரிதுதான் என்று விடுதிக்காரம்மாவுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. கடைசியில் பேச்சைக் குறைப்பதற்காக அவள் இரண்டு குழல்களையும் சேர்த்து வாயில் வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். அவள் டம்ளரைச் சமையலறையில் வைத்துவிட்டு வருவதற்குள் விடுதிக்காரம்மா கதவைத் தட்டி, அவனை எழுப்பி, கட்டிலில் உட்காரவைத்துவிட்டாள். இருபது நிமிடம் புத்தி சொன்னாள். பொண்டாட்டியை வெளியில் உட்காரவைத்துவிட்டுத் தூங்குகிற ஆம்பளை நல்லா இருந்ததாகச் சரித்திரமே இல்லை என்பது அதன் சாரம். அவன் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்று சொன்னான். பிறகு வெளியே வந்து மனைவியிடம், நான் என்ன தப்பு பண்ணினேன் என்று தணிந்த குரலில் கேட்டான்.

இனித் தூக்கம் வராது. படகில் போவோம் என்றான்.

துடுப்பை அவனே போட்டான். மழை விட்டிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது, ஒரு வெள்ளைப் பறவை பக்கத்துப் படகின் நுனியில் நின்றிருந்தது. எதிரே, ஒன்றரை அடி தூரத்தில், கண் விழித்த கணவன். நான்கு வருடமாக அவள் கேட்டது இதைத்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"வாஷிங் மெஷின் பைப்பு கசியுது. அத்தைக்குச் சுகர் டெஸ்டு வியாழக்கிழமை, வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. மோட்டார் சுவிட்சு சூடாகுது."

"சரி."

"மாடி வீட்டுக்காரர் தண்ணி நேரத்தை மாத்தணும்னு சொன்னார்."

"சரி."

அவளால் நிறுத்த முடியவில்லை. படகு ஏரியின் நடுவுக்கு வருவதற்குள் அவள் அந்த வீட்டைச் செங்கல் செங்கலாக ஒப்படைத்து முடித்துவிட்டாள். அவன் துடுப்பை நிறுத்தினான்.

"வேற ஏதாவது சொல்லேன்."

அவள் யோசித்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். உள்ளே என்னென்னவோ இருந்தது, எதற்கும் முன்பக்கம் பின்பக்கம் தெரியவில்லை.

"உங்க சட்டையில ஒரு பட்டன் போயிருக்கு" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். ஆமாம் என்றான். கரைக்குத் துடுப்புப் போட்டான்.

மாலை ஆறரைக்கெல்லாம் அவள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். பரிமாறுபவரிடம் பழப் பானம் வேண்டாம், பால் இல்லாத காப்பி, மூன்று கோப்பை என்று சொன்னாள். டிரம்முக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மேசையைப் பிடித்தாள். பிறகு, அந்நியரிடம் நேரம்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவள், டிரம் அம்மாளிடம் போனாள். என் கணவர் தூங்கக்கூடாது, தயவுசெய்து பலமாக அடியுங்கள் என்றாள். டிரம் அம்மாள் ஒரு புருவத்தை உயர்த்தினாள். பெரிய குச்சிகளை எடுத்துக் காட்டினாள்.

மணி ஏழு. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று காப்பியையும் மருந்துபோலக் குடித்தான். வறுத்த மீன் வந்தது, சூடான ரொட்டி வந்தது. ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்து, அடுப்பில் இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்றான். அவள் சிரித்தாள். முதல் பாட்டு தொடங்கியது. கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. அவன் முழித்திருந்தான். அவன் முழித்திருந்ததை அவள் ஓரக்கண்ணால் மூன்று முறை பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். எவ்வளவு நல்லா இருக்கு இல்ல என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"நாளைக்குப் பால் ரெண்டு பாக்கெட் வாங்கிடுங்க" என்றாள்.

"சரி" என்றான் அவன். இரண்டாவது பாட்டு தொடங்குவதற்குள் தலை அவள் தோளுக்கு வந்துவிட்டது.

அவள் தோளைக் குலுக்கினாள். கிள்ளினாள். கரண்டியைக் கீழே போட்டாள். டிரம் அம்மாள் தன் பங்குக்கு இடியை இறக்கினாள், சமையல்காரரே வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். தலை அசையவில்லை. மணி ஏழரை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் ஒப்படைப்பும் பிரிட்ஜ் கதவும்தான், எத்தனை வருடத்துக்கோ.

அவள் கையை எடுத்துவிட்டாள். அழுகை வரும்போல இருந்தது, மீனைப் பார்த்துக்கொண்டு அடக்கினாள். எத்தனை குளித்தாலும் அவன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மாவு இருக்கும். அதை விரலால் தட்டிவிட்டாள். டிரம் சத்தத்தில் பக்கத்து மேசைக்கு ஒன்றும் கேட்காது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவள் பேசினாள்.

"வேற ஏதாவது சொல்லச் சொன்னீங்களே. நிறைய இருக்கு. நீங்க முழிச்சிருந்தா வர மாட்டேங்குது."

டிரம் அம்மாள் பெரிய குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, தூரிகை போன்ற மெல்லிய குச்சிகளை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாளும் கைவிட்டுவிட்டாள் போலிருக்கிறது. இவள் தன் குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

"கட்டில்ல நீங்க படுத்த பக்கம்தான் நான் படுக்கறேன். அதுக்குள்ள சூடெல்லாம் ஆறிடும். ரொட்டி வாசனை மட்டும் இருக்கும்."

வயலின் மட்டும் மேலே போய் இறங்கியது.

"சாயந்திரம் என் பஸ்ஸுக்கு எதிர்ல உங்க கம்பெனி பஸ் போகும். எந்த ஜன்னல்ல இருப்பீங்கன்னு தெரியாது. அதனால எல்லா ஜன்னலுக்கும் கை காட்டுவேன். போன வாரம் ஒருத்தர் திருப்பிக் கை காட்டினார். மீசை வச்சிருந்தார். நீங்க இல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கே அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்துது. அப்ப நீங்க கை காட்டினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்."

இன்னும் பேசினாள். எட்டேகால் வரை பேசினாள். கடைசிப் பாட்டுக்கு வாய்க்குள் கூடவே முணுமுணுத்தாள்.

கைதட்டல் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்தான். பாட்டு முடிஞ்சுதா என்று கேட்டான். முடிஞ்சாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். பெட்டியை எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனான். படியேறும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

அவள் டிரம் அம்மாளிடம் போனாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வாசிப்பில் குறையில்லை, அவர் அவ்வளவு களைப்பு என்றாள். பிறகு, கேட்காமல் போனால் மனசு ஆறாது என்று, ஒன்றையும் கேட்டாள்.

"பாதியில ஏன் மெதுவாக்கிட்டீங்க? பலமா அடிக்கறதா பெரிய குச்சியெல்லாம் காட்டினீங்களே."

டிரம் அம்மாள் மெல்லிய குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"நான் எங்கேம்மா மெதுவாக்கினேன்? உன் வீட்டுக்காரர்தான் ஒரு கண்ணைத் திறந்து, நீ பேசறது கேக்கலை, மெல்ல அடிங்கன்னு கை காட்டினாரு."