பன்னிரண்டு மூக்கு

பதினோராவது குச்சியை மூக்கில் விட்டபோது முதியோர் இல்லத்தின் மேனேஜருக்குத் தும்மல் பிய்த்துக்கொண்டு வந்தது. ஸ்டோர் ரூம் கதவை உள்பக்கம் தாழிட்டிருந்தார். திறந்து வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது!

சுகாதார ஆபீசிலிருந்து உத்தரவு வந்திருந்தது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்று முதியோர் இல்லங்களில் பரவுகிறதாம். இங்கே இருக்கும் பன்னிரண்டு பேரின் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். கிருமி இருந்தால் லைசென்ஸ் அம்பேல்.

நாலு பேருக்கு ஒரு துண்டு என்று நடத்துகிற இல்லத்தில் அந்த மூக்குகளை நம்பலாமா? தினம் இரண்டு வேளை குளிக்கிற, பெரியவர்கள் இருக்கும் பக்கமே எட்டிப் பார்க்காத தன் மூக்கைத்தான் மேனேஜர் நம்பினார். குச்சி போட்ட பன்னிரண்டு குழாயிலும் பன்னிரண்டு பேர் பெயரை எழுதி, டப்பாவில் போட்டு ஆயாவிடம் கொடுத்தார்.

"நேரா லேப்ல குடு. வழியில கதையளந்துக்கிட்டு நிக்காத."

"சரிங்கய்யா."

மூன்றாம் நாள் லேப்காரர் போன் செய்தார். "சார், பன்னிரண்டு பேருக்கும் இருக்கு சார்! எல்லாரையும் தனித்தனியா வைங்க. கிளவுஸ் இல்லாம யாரும் தொடக் கூடாது."

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பன்னிரண்டு பேருக்கா? ஐயோ, எல்லாம் ஒரே ஆளுக்கு!

வீட்டுக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்ட மனைவி கதவைத் திறக்கவே இல்லை.

"எந்த மருந்துக்கும் கேக்காதுன்னா இங்க எதுக்குங்க வந்தீங்க? கிருமி இல்லைன்னு சீட்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம் படியேறலாம்."

மாடியிலிருந்து அவருடைய தலையணை வந்து விழுந்தது.

இல்லத்துக்கே திரும்பினார். இருக்கிற மூன்று அறைகளில் காற்றோட்டமான அறையைக் காலி செய்து, அங்கிருந்த நாலு பேரை மற்ற இரண்டு அறைகளில் திணித்துவிட்டுத் தான் குடியேறினார். கிளவுஸ் பெட்டி, கை கழுவும் மருந்து, புதுத் துண்டுகள் அத்தனையும் அவரோடு உள்ளே போயின.

நர்ஸ் கதவைத் தட்டினாள். "சார், எல்லாரையும் தனியா வைக்கச் சொல்றாங்க, நீங்க ஆறு பேரை ஒரே ரூம்ல அடைக்கிறீங்க! எனக்கு ஒரு ஜோடி கிளவுஸாவது குடுங்க."

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத் தெரியும்."

"லேபுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"மேனேஜர் நீயா, நானா?"

இரண்டு நாள் கழித்து மறுபடி தட்டினாள். "போஸ்ட்மேன் வேலை பாத்தவரு இருக்காரே, அவரு கால் புண்ணு சீழ் வச்சிருச்சு சார். காய்ச்சல் வேற. வராந்தாவுல தனியா படுக்க வச்சிருக்கேன். ஊசியை மாத்திப் போட்டும் கேக்கல. ரொம்ப பயமா இருக்கு."

"வயசானா அப்படித்தாம்மா. தனியா படுத்தா மனசு சோர்ந்துடும். மத்தவங்களோட ரூம்லயே படுக்க வை."

நன்றிகெட்ட ஜனம்! இவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே கிருமி பிடித்த மனிதர் இப்படி ஒதுங்கிக் கிடக்கிறார்? புதுத் துண்டு ஒன்றைப் பிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி கேட்ட சீட்டுக்காக வேறொரு லேபில் தன் பெயரிலேயே ஒரு குச்சி கொடுத்தார். பதில் வந்தது. கிருமி துளிகூட இல்லை!

தினம் எட்டுத் தடவை மூக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினால் எந்தக் கிருமிதான் நிற்கும்? மேனேஜர் துள்ளிக் குதித்தார். இனி வீடும் உண்டு, லைசென்ஸும் உண்டு. உடனே ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழிட்டு, மறுபடி பன்னிரண்டு குச்சியையும் மூக்கில் விட்டு, தும்மி முடித்து, டப்பாவை ஆயாவிடம் நீட்டினார்.

ஆயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேற யாருகிட்டயாவது குடுத்து அனுப்புங்கய்யா."

"ஏன்? போன வாட்டி நீதானே கொண்டு போன?"

"அதாங்கய்யா பயமா இருக்கு. போன வாட்டி டப்பா கை தவறிச் சாக்கடையில விழுந்துடுச்சு. நீங்க திட்டுவீங்கன்னு, லேப்ல வேற குச்சி வாங்கியாந்து, பன்னிரண்டு பேரு மூக்குலயும் மறுபடி நானே எடுத்துக் குடுத்துட்டேன்."