அசையக்கூடாத கம்பி

"இரத்தினம்மா, இஞ்சை ஓடி வா! வேலிக்கரையிலை இரும்பு முளைச்சிருக்கு!"

கதிரவேலு வாயில் வேப்பங்குச்சியோடு குனிந்து, வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் பூந்து போகிற அளவுக்கு ஓலை விலகிய பொட்டு அது. அந்தப் பக்கம், வேலிக்கு ஒரு சாண் தள்ளி, நாலு இரும்புக் கம்பிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு பற்றறி, முள் ஆடுகிற மீற்றர் ஒன்று, வயர்ச் சுருள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"தங்கமுத்தக்கான்ரை மகன் தில்லைநாதன் நட்டது. கொழும்பிலை படிக்கிறானெல்லே, அந்தச் சோதினைக்காம்."

"சோதினைக்குப் புத்தகம் வேணும். கம்பி என்னத்துக்கு?"

உரும்பிராயில் வேலிக்கரையில் எவன் எதை நட்டாலும் சந்தேகப்படத்தான் வேண்டும். வருசா வருசம் வேலி அடைக்கும்போது, ஊன்றுகிற கதியால் தடிகள் அடுத்தவன் பக்கம் கொஞ்சம் நடக்கும். கதியாலுக்குக் கால் இருப்பது ஊர் முழுக்கத் தெரியும். கதிரவேலுவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவருடைய கதியால்களும் நடந்து வந்தவைதான். அவருடைய வளவு மகள் மகாதேவிக்கு எழுத வைத்திருக்கும் சீதனக் காணி. அதில் ஒரு சாண் போனாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாய் திறப்பான்.

பின்னேரம் பொட்டடியில் நின்று பெடியனை மறித்தார்.

"தம்பி, என்ன படிப்பு இது?"

"பிரயோக பௌதிகம் மாமா. எம்.எஸ்.சி. பாடமெல்லாம் முடிஞ்சுது, எழுத்துச் சோதினையும் பாஸ். இனி நானாய் ஒண்டை அளந்து, ஆராய்ஞ்சு, புத்தகமாய் எழுதிக் குடுக்கவேணும். பேந்து ரெண்டு பேராசிரியர்மாருக்கு முன்னாலை நிண்டு பதில் சொல்லவேணும்."

"ரெண்டு பேர் காணுமோ? காணி வழக்குக்கே அதைவிடக் கூடச் சாட்சி கேக்கிறாங்கள்."

பெடியன் சிரித்தான்.

"அதுசரி, என்னத்தை அளக்கிறாய்?"

"நிலத்தைத்தான் மாமா."

கதிரவேலுவின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது.

"நிலத்துக்குள்ளாலை கரண்டை விட்டுப் பாத்தால், நல்ல தண்ணி எங்கை நிக்குது, உப்புத் தண்ணி எங்கை தொடங்குது எண்டு தெரியும். மாரி தொடங்கும்வரை ஒரே இடத்திலை அளக்கவேணும். கம்பி மட்டும் அசையக்கூடாது. அசைஞ்சால் என்ரை படிப்புப் போச்சு."

கதிரவேலு நேரே குசினிக்குப் போனார்.

"கேட்டியே? நிலத்தை அளக்கிறானாம். கம்பி அசையக்கூடாதாம். அசையக்கூடாத கம்பி எண்டால் அது எல்லைக்கல்லுத்தானே!"

"உங்களுக்கு விசர்" என்றாள் இரத்தினம்மா. சுளகோடு நின்ற மகாதேவி அதைத் தட்டென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கிழமை கலியாணத் தரகர் கந்தப்பு சைக்கிளில் வந்து குடையைச் சாய்த்து வைத்தார்.

"தை பிறக்கட்டும் அண்ணை. ஒரு இடம் கைவசம் இருக்கு. சீதனம் கேக்கமாட்டினம்."

"சீதனம் கேக்காத மாப்பிளைக்கு என்ன வருத்தம்? வலிப்போ?"

"வருத்தமொண்டுமில்லை. தங்கமான பெடியன். இப்ப பேரைச் சொல்லக்கூடாதெண்டு எனக்குக் கட்டளை."

"பேரில்லாத மாப்பிளையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போம்."

இனாமாக வருவது எதையும் கதிரவேலு வாழ்நாளில் நம்பியதில்லை. அவரை முழுக்கப் பிழை சொல்லவும் முடியாது. படித்தவன் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துக் காணி இழந்தவர்கள் அந்த ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

மத்தியானம் தில்லைநாதன் சாப்பிடப் போனதும் கதிரவேலு பொட்டுக்குள்ளால் பூந்தார். நாலு கம்பியையும் பிடுங்கி, தங்கமுத்துவின் வீட்டுப் பக்கமாக ஒரு சாண் தள்ளி நட்டார். பழைய குழிகளைக் காலால் மிதித்து மூடினார். அன்று பின்னேரம் மீற்றரின் முள் பேய் பிடித்த மாதிரி ஆடியது.

பெடியனுக்குக் கம்பியில் சந்தேகம் வரவில்லை, மீற்றரில்தான் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கொழும்புக்குப் போய் வேறொன்று கொண்டுவந்தான். அவன் திரும்புவதற்குள் கம்பிகள் இன்னுமொரு சாண் நடந்துவிட்டன. புது மீற்றர் பழையதைவிட மோசமாகப் பொய் சொன்னது.

இருந்தும் பெடியன் விடவில்லை. கம்பி ஆடுகிறதோ என்று பெரிய சுத்தியலால் ஆழமாக இறுக்கிவிட்டான். அடுத்த மத்தியானம் கதிரவேலு இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மாட்டுக்கு வைத்திருந்த கழுநீரை வாளியோடு கொண்டுபோய்க் கம்பியடியில் ஊற்றினார். மண் இளகியது. ஆனால் அதற்குள் ஆள் வரும் சத்தம் கேட்டு, வாளியோடு திரும்பி ஓடிவந்துவிட்டார்.

சற்று நேரத்தில் அடுத்த வளவில் ஒரே சத்தம்.

"அம்மா! நிலத்தடித் தண்ணி மேலை வந்திட்டுதெண்டு மீற்றர் காட்டுது! இந்தக் கோடையிலை!"

தங்கமுத்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். இரண்டு நாள் வெயிலில் மண் காய்ந்ததும் தண்ணீர் கீழே போய்விட்டது. கதிரவேலு மறுபடி ஊற்ற, மறுபடி ஏறியது. தில்லைநாதன் மீற்றருக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"பாவமப்பா, பெடியன் இளைச்சுப்போனான்" என்றாள் இரத்தினம்மா.

"காணி பிடிக்கிறது லேசுப்பட்ட வேலையே? இளைக்கத்தான் செய்யும்."

கடைசியில் கோடையில் ஏறி இறங்கும் இந்தத் தண்ணீரைப் பார்க்கவென்றே பேராசிரியர் கொழும்பிலிருந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் அளக்கும் நாடா.

"காணி அளக்கிற சேவையரையே கூட்டிக்கொண்டு வந்திட்டான்!" என்றார் கதிரவேலு. பேராசிரியர் உள்ளே தேநீர் குடித்து முடிப்பதற்குள் மண் கிண்டும் இரும்பு அலவாங்கோடு போய்க் கம்பிகளைக் கடைசியாக ஒருமுறை நகர்த்திவிட்டு வந்து, பொட்டுக்குப் பின்னால் மூச்சு வாங்கினார்.

பேராசிரியர் கிணற்றுக் கட்டிலிருந்து நாடாவைப் பிடித்தார். பெடியன் கீறியிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி நாடாவைப் பிடித்தார்.

"கம்பி ஒண்டுகூட நீர் கீறின இடத்திலை இல்லையே. ஆர் அசைச்சது?"

தில்லைநாதன் குனிந்து கம்பியடி மண்ணில் ஒரு பிடி எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். கழுநீர் மணம். மெல்ல நிமிர்ந்து பொட்டைப் பார்த்தான். பொட்டுக்குள் ஒரு கண் தெரிந்தது. அலவாங்கின் நுனியும் தெரிந்தது.

தில்லைநாதன் கையிலிருந்த மண்ணை உதறிவிட்டுப் பொட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"நான்தான் சேர்" என்றான். "கவனமில்லாமல் மாத்தி நட்டுப்போட்டன்."

"அப்ப இவ்வளவு நாளும் அளந்ததெல்லாம் குப்பை. முதலிலையிருந்து தொடங்கவேணும். உமக்குத் தவணையும் முடியுது." பேராசிரியர் நாடாவைச் சுற்றிக்கொண்டார்.

கதிரவேலு குசினிக்கு ஓடினார்.

"ஒத்துக்கொண்டிட்டான்! சேவையருக்கு முன்னாலை தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டிட்டான்!"

அந்தக் கிழமையே கிளுவங்கதியாலும் பின்னிய தென்னோலைக் கிடுகும் புதிதாக எடுத்து வேலியை அடைத்தார். பொட்டையும் சேர்த்து அடைத்தார். கோழிக்குஞ்சுகூடப் பூர வழியில்லை.

மாரி தொடங்கும்போது தில்லைநாதனுக்கு நைஜீரியாவில் வாத்தியார் வேலை கிடைத்தது. போகிற அன்று, ஒழுங்கையில் கார் நிற்க, கதிரவேலுவின் வாசல் படலைக்கு வந்தான்.

"மாமா, போட்டு வாறன்."

கதிரவேலு தலையை மட்டும் ஆட்டினார். காணி பிடிக்க வந்தவன் காணியையே விட்டுவிட்டுப் போகிறானே என்று நினைத்தார். கார் போன பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தங்கமுத்து தனித்துப்போனாள். அவள் வீட்டில் பேச்சுக்குரல் நின்றுவிட்டது. மகாதேவி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பினாள். கேட்டால் தலையிடி என்றாள். வேலி ஒரு பிசகில்லாமல் நேராக நின்றது. அதை அளக்கத்தான் ஆளில்லை. மழையில் துருவேறிக் கிடந்த கம்பியொன்றைக் கிடுகு இடுக்குக்குள்ளால் கண்ட நாளில், கதிரவேலு அந்த இடுக்கைக் கையால் மூடினார். ஒரு பெடியனின் படிப்பு. போகட்டும், ஒரு சாண் போயிருந்தால்தான் என்ன? இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் கந்தப்பு வந்தார். கதிரவேலுவே கதிரையை இழுத்துப் போட்டார்.

"கந்தப்பு, அந்தச் சீதனம் கேக்காத இடத்தைப் பேசும். நான் இனி ஒண்டும் கேக்கமாட்டன்."

கந்தப்பு உட்காரவில்லை.

"அது இனிச் சரிவராது அண்ணை. படிப்பை முடிக்காமல் பொம்பிளை கேக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் பெடியன் பிளேன் ஏறியிட்டான்."

"ஆர் பெடியன்?"

கந்தப்பு குடையை எடுத்துக்கொண்டு, புதுக் கிடுகை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கிறியள். தைக் கலியாணத்தோடை உந்த வேலியையே பிடுங்கிப்போட்டு ரெண்டு வளவையும் ஒண்டாக்கிறதெண்டு தங்கமுத்தக்கா சொல்லிக்கொண்டிருந்தவ."