கண்ணாடிக் கடைக்காரன் போட்ட சத்தம்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் முதுகுவலி இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உன்னைவிட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததைக் கேள்விப்பட்டு நீ கிளம்பி வந்துவிடுவாய். வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மகள் எட்டு வருஷம் பாடுபட்ட அந்த ஆறு சக்கர வண்டி வேற்றுக் கிரகத்தில் இறங்கும் நாளுக்கு, வீட்டுக்கு ஓர் ஆள் என்று அனுமதிச் சீட்டு வந்தது. உன் அக்கா, "நீங்களே போங்க, எனக்குப் படபடப்பு தாங்காது. நீங்கதான் கல்லு மாதிரி ஆளாச்சே" என்றாள். நானும் அதை நம்பிப் போனேன். பெரிய திரை. மகள் கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, நான் வெளியே. கண்ணாடி நல்ல தடிமன், ஆனால் ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. பக்கத்து நாற்காலி அதிகாரி விளக்கினார்: அங்கிருந்து சேதி வரப் பதினோரு நிமிஷமாம், நாம் திரையில் பார்க்கும்போது வண்டி நின்றிருக்கும், இல்லை நொறுங்கியிருக்கும். "முடிஞ்சுபோன விஷயத்துக்கா சார் எல்லாரும் நகத்தைக் கடிக்கிறாங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைக்குக் கண்ணாடி வரும்போது நாமும் அப்படித்தானே. வழியில் உடைந்தது உடைந்ததுதான், ஆனாலும் சாக்கைப் பிரிக்கிறவரை லாரி வாசலில் எப்படிப் பதறி நின்றோம்.

அந்த வண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள், மச்சான். அதைப் பார்த்ததும் நம் முதல் கடைக் கொட்டகை கண்ணில் வந்துவிட்டது. நீ லாரிமேல், நான் கீழே, நடுவில் ஆள் உயரக் கண்ணாடி. நான் "விடாதே"ன்னு கத்த, எவனோ ஹாரன் அடிக்க, உன் காதில் பாதிதான் விழுந்தது, நீ விட்டுட்டே. நூறு துண்டில் நூறு தடவை நம் மூஞ்சியைப் பார்த்து, அழ வேண்டிய நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து நம் கடையில் "விடாதே" கிடையாது, "பிடி"தான். கண்ணாடி வந்த வைக்கோல் பெட்டிக்குள் உட்கார்ந்து வளர்ந்த மகளுக்கே அம்மா, மாமாவுக்கு அடுத்து வாயில் வந்த சொல் அதுதான்.

திரையில் "கயிற்றை விடுவிக்கிறோம்" என்றார்கள். தரையைத் தொட்டதாக ஒருத்தரும் சொல்லவில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே "பிடி, பிடி, பிடி"ன்னு கத்திடுச்சு. நான் மயங்கி விழப்போகிறேன், பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, அதிகாரி ஒரு பக்கமும் காவலாளி ஒரு பக்கமுமாக, நிமிர்த்தின வாக்கில், ஓரம் இடிக்காமல், நம் சரக்கைத் தூக்குகிற மாதிரியே தூக்கிப்போய் முதலுதவி அறையில் சாய்த்துவைத்தார்கள். நர்ஸ், "மூச்சை இழுத்து விடுங்க ஐயா" என்றாள். "விடுன்னு மட்டும் சொல்லாதேம்மா" என்றேன். அவள் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய இரைச்சல். கைதட்டலா, அலறலா, தெரியவில்லை. என் எட்டு வருஷத்துப் பயம் முழுக்க அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "இறங்கிருச்சாம்" என்றாள்.

வெளியே வந்தேன். மகளைச் சுற்றிக் கூட்டம். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்திருந்தது. அவமானம்தான், வேறென்ன. சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாளாகப் போன் செய்கிறாள், எடுக்கவில்லை. அத்தனை படித்தவர்கள் நடுவே "யாரு அந்த ஆளு?"ன்னு யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. அதனால் நீ வராதே, விசாரிக்காதே, அவளிடமும் பேசிவைக்காதே.

உன் பிள்ளைகள் மேலே மேலே ஏறட்டும். இறக்குகிற வேலைக்கு மட்டும் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா போனை என் காதில் அழுத்திவிட்டாள். மகள்தான். "அப்பா, அம்மா இப்பத்தான் சொன்னாங்க. நீங்க கத்துனது உள்ள கேக்கவே இல்ல. அந்த நேரத்துல நானும் 'பிடி'ன்னுதான் கத்தினேன். பக்கத்துல இருந்தவரு சட்டுன்னு என் கையைப் பிடிச்சிட்டாரு."

"சரி, அப்புறம்?"

"இன்னும் விடலப்பா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்."

மேலே எழுதியதெல்லாம் ரத்து. சனிக்கிழமையே வந்து சேர்.