எஞ்சின் நாவிதன்வெளியில் இருக்கிறது

நற்பிட்டிமுனை,
15.7.1956

கொழும்பிலிருக்கும் மதிப்புக்குரிய ஜவுபர் மாமாவுக்கு மருமகள் ஹாஜறா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா, உம்மா, நான், மாடுகள் இரண்டு, எல்லோரும் சுகம். கார்தான் சுகமில்லை. அதன் வரலாற்றை முறையாக எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு வாப்பாவுக்குக் கடுமையாக ஒரு கடிதம் போடுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போய்வந்த கூடார வண்டிலை வாப்பா சித்திரையில் விற்று, வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன முப்பது வயதுக் காரை வாங்கினார். உம்மா உடனே அதன் ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை தைத்தா. கார் எங்கள் வாசல்வரை வந்தது, பிறகு அசையவில்லை. பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று என்னை நடந்து போக விடமாட்டார்கள். மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறேன். டிசம்பரில் எஸ்.எஸ்.சி. சோதனை. "கார் ஓடல்லெண்டா படிச்சது போதும், மாப்பிள்ள பாப்பம்" என்று உம்மா கலியாணம் பேசும் சபூறா மாமியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

ஆகவே போன திங்கட்கிழமை மாடுகளைக் காருக்கு முன்னால் கட்டிக் கல்முனைக்கு, பழைய கார் திருத்தும் கிறிஸ்ரோபர் பாஸின் கராச்சுக்கு இழுத்துப் போனோம். வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைக்குள் இருந்தேன். கடைத்தெரு முழுவதும் எழுந்து நின்றது. பாஸ் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த காரைத் தொடமாட்டார். "வாங்க போடியார். மாட்டுல என்ன பிழை?" என்று வாப்பாவைக் கேட்டார். பிழை மாட்டில் இல்லை, மெக்னெற்றில் என்று பார்த்துச் சொன்னார். அது இல்லாமல் எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி வராதாம். கராச்சுக்குப் பின்னால் பழைய நெல்லுக் களஞ்சியம். அதற்குள் செத்துப்போன கார்களின் சாமான்கள் கூரைவரை. ஒன்றிலும் இலக்கம் இல்லை. "இது செல்லத்தங்கம் டீச்சரம்மாட கியர், அது டொக்டர்ட ரேடியேற்றர், பாவம், நல்ல மனிசன்" என்று பாஸ் ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் அகர வரிசையில் எழுதித் தருவதாகச் சொன்னேன். "எழுதி வெச்சா மறுகா நான் எதுக்கு புள்ள?" என்றார். ஒரு பெட்டியில் இங்கிலீசில் மெக்னெற் என்று எழுதியிருந்ததை நான் வாசித்தேன். எல்லோரும் மகிழ்ந்தோம். திறந்தால் கருவாடு. பாஸின் மனைவி எலிசா அக்கா வைத்தது. "அப்ப அதுக்குள்ள இருந்த சாமான் எங்கடி?" என்று பாஸ் கத்த, "எந்தச் சாமான்? ஊறுகாய்ச் சாடிக்கு மேல பாரம் வெச்ச இரும்பா?" என்று அவ உள்ளேயிருந்து கேட்டா. அதுதான் மெக்னெற். கழுவித் துடைத்துப் பூட்டியதும் கார் இருமி, புகை விட்டு, ஓடியது மாமா! கொஞ்சம் ஊறுகாய் மணம் வந்தது. வாப்பாவுக்குக் கண் கலங்கியது. நானும் புத்தகங்களுக்கு உறை போட்டேன்.

ஆனால் நாவிதன்வெளி வயலில் கதிர் வரும் நேரம், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வாப்பா இரண்டு நாள் காரின் சத்தத்தைக் கேட்டபடி யோசித்தார். மூன்றாம் நாள் பாஸ் வந்து எஞ்சினைக் கழற்றி, இரவல் வண்டிலில் ஏற்றி, வயற்கரை மடுவில் தண்ணீர்ப் பம்புக்குப் பூட்டிவிட்டார். "பயிர் சாகக் கிடக்கு மகள், நான் என்ன செய்ய?" என்றார் வாப்பா. பயிர் பாவம்தான். நான் யாரிடம் கேட்பது? உம்மா சபூறா மாமியை வரச்சொல்லி ஆளனுப்பிவிட்டா. நீங்கள் எழுதினால்தான் வாப்பா கேட்பார்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் உத்தியோகம் உயர நான் துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
ஹாஜறா

பி.கு.: வாப்பாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இன்று திங்கட்கிழமை விடிந்ததும் அவர் மாடுகளை மறுபடி காருக்கு முன்னால் கட்டினார். "கராச்சுக்கு இப்பிடித்தானே போன? எஞ்சினுக்கு வேல வயல்ல, மாட்டுக்கு வேல இங்க. ஏறு மகள்" என்றார். உம்மா வந்து திரையை மட்டும் சரிபார்த்தா. பள்ளிக்கூடம் போகும் வழியில் என் வகுப்பு றம்லாவையும் ஏற்றிக்கொண்டோம். இதைக் காருக்குள் இருந்துதான் எழுதுகிறேன், எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும். ஹோர்ன் அடித்தால் மாடு படுத்துவிடுகிறது, மற்றப்படி குறையில்லை. மூன்று மாதப் பாடம் எழுத வேண்டும். பெரிய கொப்பி ஆறு அனுப்புங்கள்.