ஆறரை நெல்லிக்காய்

ஒரு காட்டில், யானையானாலும் டோக்கன் வாங்கித்தான் ஆபீசுக்குள்ளே போக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, மூக்காயி, சின்னக்கிளி என்று அக்கா தங்கை யானைகள் இரண்டு இருந்தார்கள். நாலு டன் எடைக்குச் சின்னக்கிளி என்று பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மூக்காயிதான் கூட்டத்துக்குத் தலைவி. கடும் பஞ்சம் வந்தால் மணலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஓர் ஊற்றுக்கு அவள்தான் வழிகாட்டுவாள். கடைசியாகப் போனது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். முப்பது யானைகள் பின்னாலேயே போயிருந்தாலும் ஒருத்திக்கும் வழி தெரியாது. அந்தக் கூட்டத்தின் வழக்கம் அப்படி. முன்னால் போகிறவளின் வாலைத் துதிக்கையால் பிடித்துக்கொண்டு, அந்த வாலையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஆகவே ஆளுக்கொரு வால் நன்றாக ஞாபகம் இருந்தது.

இந்த வருஷம் மாசி பிறக்கும் முன்பே, ஒன்றிரண்டைத் தவிரக் குட்டைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து மூக்காயிக்கு மறதி வந்துவிட்டது. கறையான் புற்றைப் பார்த்து, "ஏண்டி இளைச்சுப் போயிட்டே?" என்று விசாரித்தாள். சின்னக்கிளியைப் பார்த்து, "நீங்க எந்தக் காடு?" என்றாள். அன்று சின்னக்கிளிக்குத் தழை இறங்கவில்லை.

கூட்டம் கூடிப் பேசியது. மூக்காயியை நம்பி நடந்து வழி தப்பினால் கன்றுகள் சாகும். நம்பாமல் பத்து நாள் நடந்து அணைக்குப் போனால் அதிலும் பாதிக் கன்றுகள் சாகும். "அக்காவுக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சின்னக்கிளியை அனுப்பினார்கள்.

காட்டில் ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய நினைவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் ஆந்தையார். பகல் உத்தியோகம் என்பதால் எப்போதும் அரைக்கண்ணில்தான் இருப்பார். மூக்காயியின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"ஏம்மா, மூளைக்குள்ளே ஹிப்போகாம்பஸ்னு ஒரு சின்னப் பகுதி. ஞாபகமெல்லாம் அதோட பொறுப்பு. மறதி நோய் வந்தா அது சுருங்கும். போன வருஷத்து அளவையும் இந்த வருஷத்து அளவையும் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார் ஆந்தையார்.

பேர் வாயில் நுழையாததால் காட்டில் அதைக் 'குதிரை' என்றே சொன்னார்கள். கடல்குதிரை மாதிரி வளைந்து, தலை, உடல், வால் என்று மூன்று பாகமாக அது கிடக்குமாம்.

போன வருஷம் இலவச முகாமில் மூக்காயிக்கு எடுத்த படத்தைக் குரங்கு அளந்திருந்தது. ஏழு நெல்லிக்காய் அளவு. இந்த வருஷப் படத்தைத் தவளை அளந்தது. நாலு. அதே படத்தைப் பக்கத்து மேஜை ஆமை அளந்தது. எட்டரை.

"ஐயா, எங்கக்காவுக்குச் சுருங்குச்சா, வளர்ந்துச்சா?"

"படத்துல தப்பில்லம்மா. எங்கே கோடு போடறதுங்கறதுலதான் தகராறு" என்றார் ஆந்தையார்.

மூவரும் மூன்று விதமாகக் கோடு போட்டிருந்தார்கள். குரங்கு வால் நுனி வரை சேர்த்திருந்தது. "வால் இல்லாததெல்லாம் ஒரு உறுப்பா?" என்றது. தவளை வாலை அடியோடு விட்டுவிட்டது. "வால்ங்கறது சின்ன வயசுல இருக்கும், வளர்ந்தா விழுந்துடும். விழப்போற சாமானை எதுக்கு அளக்கணும்?" ஆமையோ குதிரையின் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும் வெள்ளை உறையையும் சேர்த்தே அளந்திருந்தது. "உறையை விட்டுட்டு அளக்கறது, என்னை ஓட்டைக் கழட்டிட்டு எடை போடற மாதிரி" என்று வருத்தப்பட்டது.

ஆந்தையார் தரப்படுத்தல் குழு அமைத்தார். ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதிப் பானையில் போட வேண்டும் என்று விதி. தவளையின் சீட்டு ஈரமாக இருக்கும். குரங்கின் சீட்டில் பல் பட்டிருக்கும். ஆமையின் சீட்டு அடுத்த வாரம் வரும். மற்றபடி பரம ரகசியம்.

சின்னக்கிளி அக்காவைக் கூட்டிக்கொண்டு நாள் தவறாமல் வந்தாள். டோக்கன், படிவம், அதற்கு ஒரு நகல். 'நோயாளியின் பெயர்' என்ற இடத்தில் எழுதுவதற்குள், "மூக்காயின்னா யாரு?" என்று பக்கத்தில் கேட்பாள் மூக்காயி. அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு எழுதி முடிப்பதுதான் சின்னக்கிளிக்குப் பெரும்பாடு.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மூக்காயி வரிசையில் நிற்க மாட்டாள். நேராக ஆமையின் மேஜைப் பக்கம் போய் முன்காலால் தரையைச் சுரண்டுவாள். "ஏம்மா, பிடிச்சு நிறுத்தும்மா!" என்று ஆமை கத்தும். சின்னக்கிளி வெட்கத்தோடு அக்காவை இழுத்து வருவாள். 'காரணமின்றித் தரையைச் சுரண்டுகிறார்' என்று ஆந்தையார் கோப்பில் எழுதினார். காடே காய்ந்து கிடக்கும்போது ஆமையின் மேஜைக்கு அடியில் வைத்திருந்த அந்தக் கோப்பு மட்டும் ஏன் எப்போதும் நமுத்துப்போயிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. அது அவருடைய ஆராய்ச்சிப் பொருள் அல்ல.

சித்திரையில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. வாலில் பாதி சேரும். உறையில் பாதி சேரும். யாருக்கும் திருப்தி இல்லை, ஆகவே நியாயமான முடிவு. பிறகு மூவருக்கும் பயிற்சி. ஒரே ஒரு மாதிரிப் படம். சரியான விடை ஆறரை நெல்லிக்காய். தப்பாகச் சொன்னால் மறுபடி அளக்க வேண்டும். ஆறரை வரும் வரை நாற்பது நாள் அளந்தார்கள். வைகாசியில் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆறரை சொன்னார்கள். ஆந்தையாருக்குச் சந்தோஷத்தில் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்துவிட்டன.

அன்று சான்றிதழ் வாங்க மொத்தக் கூட்டமும் வந்து வாசலில் நின்றது. கடைசிக் குட்டையும் வற்றிவிட்டதில் கன்றுகளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

மூக்காயியின் இந்த வருஷப் படம், ஆறரை. போன வருஷப் படம், ஆறரை. 'மாற்றம் இல்லை' என்று முத்திரை குத்தினார் ஆந்தையார். சின்னக்கிளிக்கு உயிர் வந்தது. அந்த நேரம் குரங்கு அடுத்த படத்தை வைத்து அளந்து, "ஆறரை!" என்றது. சின்னக்கிளி எட்டிப் பார்த்தாள். அது இன்னும் படமே எடுக்காத வெறும் பிலிம்.

"ஐயா, அதுல ஒண்ணுமே இல்லியே!"

"இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே அளவு வருது பாரு. இதைத்தாம்மா தரம்னு சொல்றது" என்று தழுதழுத்தார் ஆந்தையார்.

சின்னக்கிளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாசம். வாசலில் கன்றுகள் நாக்கு வறண்டு கிடக்க, கையில் ஒரு முத்திரை. திரும்பினால் மூக்காயி ஆமையின் மேஜைக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை சின்னக்கிளி இழுக்கவில்லை.

"அக்கா, என்னக்கா தேடுறே?"

நாலு மாசத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"தண்ணிதான். இங்கதான் இருந்துச்சு. எந்தப் புண்ணியவானோ மேலே வீடு கட்டிட்டான்" என்றாள் மூக்காயி.

சின்னக்கிளி மேஜையைத் தூக்கி எறிந்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வாசலில் நின்றவர்களைக் கூவி அழைத்தாள். முப்பது யானைகள் உள்ளே நுழைந்ததில் முதலில் சுவர் போயிற்று, பிறகு கூரை. தரையைப் பெயர்த்து ஓர் ஆள் ஆழம் தோண்டினார்கள். மணல் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு குபுகுபுவென்று வந்தது. தவளை எல்லோருக்கும் முன்னால் குதித்தது.

மூக்காயி கன்றுகளை ஒவ்வொன்றாகத் தும்பிக்கையால் தள்ளி முன்னால் விட்டாள். கடைசியில், ஒதுங்கி நின்ற தங்கையைக் கூப்பிட்டாள். "நீ யாரு பெத்த பொண்ணோ தெரியலை, ரொம்பக் களைச்சிருக்கே. வா, வந்து குடி."

சின்னக்கிளி அழுதுகொண்டே குடித்தாள்.

ஆந்தையார் எதிர் மரக்கிளையில் உட்கார்ந்து, நனைந்த கோப்பைப் பிரித்து அன்றைய குறிப்பை எழுதினார்: 'தரையைச் சுரண்டும் நோய்க்குறி ஒரே நாளில் முப்பது பேருக்குத் தொற்றியுள்ளது. ஹிப்போகாம்பஸ் அளவில் மாற்றம் இல்லை.'

நீதி: ஞாபகம் தப்பியவர்களைக் கட்டடத்துக்குள் விடாதீர்கள். அது எதன்மேல் கட்டப்பட்டது என்பதை மட்டும் அவர்கள் மறப்பதில்லை.